கேபிள் கழற்றிய மத்தியானம்

முப்பத்தாறு புள்ளி ஐந்து. கோகிலவாணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புள்ளி ஐந்து, புள்ளி ஐந்து, இதோ புள்ளி நாலு. ஆடுகிறது. ஆடினால் சரி, ஆடுகிற வரைக்கும் சரி. அக்ரிலிக் மூடிக்கு உள்ளே ரப்பர் பொம்மை மல்லாந்து படுத்திருந்தது. அதன் வயிற்றில் பிளாஸ்திரி போட்டு சென்சாரை ஒட்டியிருந்தார்கள். ஆய்வகத்துப் பையன்கள் அதற்கு எம்.டி. பேரன் என்று பெயர் வைத்திருந்தார்கள், காலையில் வந்ததும் பேரனுக்குக் காய்ச்சல் எப்படிங்க இருக்குது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், அவளும் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி அது. அதற்குள் ஓடுகிற புரோகிராம் அவள் எழுதியது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கறுப்பு கேபிளை, மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்ததும், யாரிடமும் சொல்லாமல் கழற்றிப் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கேபிள் இல்லாமல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போனை வைத்துப் படம் பிடிக்கலாம் என்றால் போன்கள் எல்லாம் கீழே வாட்ச்மேன் அறையில், பூட்டிய பெட்டியில். சுவர்க் கடிகாரம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பினால் நம்பரை விட்டுவிடுவோம் என்று அவள் திரும்பவில்லை. கையில் வாட்ச் கிடையாது, சர்க்யூட் போர்டைத் தொடுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் எர்த் பட்டைதான் மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டிருந்தது. புள்ளி நாலு. இப்போதும் புள்ளி நாலா, இல்லை நடுவில் ஒருமுறை ஐந்துக்குப் போய் வந்ததா? பட்டையைப் பார்த்தபோது நம்பரைப் பார்க்கவில்லை. ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடியில் மாறியிருந்தால்? மாறியிருக்கும். இதோ ஐந்து. சரி.

ஆடாத ஒன்றுக்காகக் காத்திருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தப்பு என்றால் பெரும்பாலும் ஏதாவது நடக்கும், விளக்கு சிவப்பாகும், மோட்டார் உறுமும், திரையில் குப்பை எழுத்து வரும், குறைந்தபட்சம் புகையாவது வரும். இது அப்படியில்லை. இதில் தப்பு என்றால் ஒன்றும் நடக்காது. நம்பர் அப்படியே நிற்கும், மின்விசிறி சுற்றும், பச்சை விளக்கு எரியும், பார்க்கிறவர்கள் ஆஹா எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பார்கள். நேற்று சாயந்திரம் அப்படித்தான் நின்றது. கேபிள் லூசாகித் தொங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சும்மா ஒரு பார்வை பார்த்தாள், புள்ளி நாலு, செருப்பு மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள், புள்ளி நாலு, ஏதோ தோன்றி மூடியைத் திறந்து உள்ளே கை விட்டாள். உள்ளே தகித்தது. சுடவில்லை, ஆனால் முப்பத்தாறரை இல்லை, எந்தத் தாயின் வயிறும் அவ்வளவு சூடு இல்லை. அவள் அன்சாரி என்று கூப்பிட, ஆய்வகத்துப் பையன்களில் ஒருவனான அவன் ஓடி வந்து, கேபிள் கழண்டிருக்குதுங்க மேடம் என்று சொல்லிக்கொண்டே அதை அழுத்தி மாட்டினான். மாட்டியதும் போர்டு ஒருமுறை செத்துப் பிழைக்கும், அதன் வழக்கம் அது. பிழைத்து எழுந்து முப்பத்தெட்டு புள்ளி ஆறு என்று உண்மையைச் சொல்லிவிட்டு, ஹீட்டரை அணைத்து, சமர்த்தாகக் கீழே இறங்கியது. அப்போது பார்த்தவள் அவள் ஒருத்தி. அன்சாரி கேபிளைத்தான் பார்த்தான்.

இரவெல்லாம் யோசித்து அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. புரோகிராம் சென்சாரிடம் சூடு எவ்வளவு என்று கேட்கும், சென்சார் அளந்து பதில் சொல்லும், அதை வைத்து ஹீட்டரை ஏற்றும் இறக்கும். கேபிள் மாட்டியிருந்தால் நடுவில் ஒரு வேலை, நடந்ததை ஒரு வரியாகக் கம்ப்யூட்டருக்கு எழுதி அனுப்ப வேண்டும். அந்த வரி போகிற இம்மி நேரத்தில் சென்சார் அளந்து முடித்துவிடும். கேபிள் இல்லையென்றால் அந்த இம்மி நேரம் இல்லை. எப்போதாவது ஒருமுறை, ஆயிரத்தில் ஒன்றோ லட்சத்தில் ஒன்றோ, இது கேட்கும்போது அது இன்னும் அளந்துகொண்டிருக்கும். போனில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்து, சொல்லுங்க என்று இருவரும் நிறுத்தி, இருவரும் காத்திருப்பார்களே, அப்படி. மனிதர்கள் என்றால் யாராவது ஒருவர் சிரித்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். இவை இரண்டும் கரண்ட் போகிற வரைக்கும் காத்திருக்கும். கடைசியாகச் சொன்ன நம்பர் திரையில் நிற்கும். அது புள்ளி ஆறாக இருந்தால் ஹீட்டர் அணைந்தே கிடக்கும், குழந்தைக்குக் குளிரும். புள்ளி நாலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சூடு வேண்டுமே, இன்னும் கொஞ்சம் வேண்டுமே என்று ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். சூடு நாற்பதைத் தொட்டால் ஹீட்டரின் கரண்டைத் துண்டிக்கத் தனியாக ஒரு கட்-அவுட் உண்டு, அது தவறாமல் அறுத்துவிடும், நல்ல சாமான். ஆனால் முப்பத்தாறரைக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஒன்றே கால் கிலோ குழந்தை என்ன செய்யும்? அது புழுங்குகிறது என்று யாரிடம் சொல்லும்?

எழுபத்திரண்டு மணி நேரச் சோதனை மூன்று முறை முடிந்திருந்தது. மூன்றிலும் நூற்றுக்கு நூறு. அறிக்கையில் ஒட்ட லாக் வேண்டும், கம்ப்யூட்டரில் சேர்கிற அந்த வரிகள்தான் லாக், லாக் வேண்டும் என்றால் கேபிள் வேண்டும், ஆகவே எல்லாச் சோதனையும் கேபிளோடு. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள், அவளும்தான், கேபிளைப் பெட்டியின் உறுப்பு மாதிரியே பார்க்கப் பழகிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் யார் கேபிள் மாட்டப் போகிறார்கள்? காலையில் பத்ரிநாத்திடம் சொன்னாள். பத்ரிநாத் பிராஜெக்ட் மேனேஜர், அவளை விட எட்டு வயது சின்னவர். சார், ஒரு சின்ன சந்தேகம் என்றுதான் ஆரம்பித்தாள். ஏன் சின்ன என்று சொன்னாள்? யார் கேட்டார்கள் அந்த ‘சின்ன’வை? வாயைத் திறந்தாலே சின்ன வந்துவிடுகிறது, ஒரு சின்ன விஷயம், ஒரு சின்ன திருத்தம், சின்னதா ஒரு கேள்வி. வீடு எரிந்தாலும் சின்னதா ஒரு தீ என்றுதான் சொல்வாள் போலிருக்கிறது. அவர் மடிக்கணினியை மூடாமலே, கேபிள் லூசா இருந்தா அது கேபிள் பிரச்னை மேடம், புதுசு ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுங்க என்றார். அவளும் சரிங்க சார் என்றாள். சரிங்க சார்! புள்ளி ஐந்து. எவ்வளவு நேரமாக ஐந்து? இல்லை, முன்னால் நாலு, பிறகு ஐந்து, நடுவில் பத்ரிநாத்தின் மேஜை வந்துவிட்டது. யோசிக்கக் கூடாது. பார்க்க மட்டும் வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தாள், முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதைத்தான் பார்க்கிறோம், நம்பரைப் பார்க்கவில்லை என்று பயம் வந்து நிறுத்தினாள். புள்ளி ஆறு. அப்பாடா.

“மேடம், டீ சொல்லட்டுங்களா?” அன்சாரியின் குரல் பின்னாலிருந்து வந்தது. அவன் சேர்ந்து இரண்டு வருஷம், கெட்டிக்காரன், எதையும் தள்ளிப் போடமாட்டான், அதுதான் அவனிடம் பயமே. “வேண்டாம் அன்சாரி.” “பேரனை ரொம்பக் கொஞ்சறீங்க, எம்.டி. பார்த்தா சந்தோஷப்படுவாரு.” “மணி என்ன ஆச்சு?” “மூணேகாலுங்க. நாலுக்கு மீட்டிங் இருக்குது.” தெரியும், மீட்டிங் இருப்பது தெரியும். நாலு மணிக்கு அவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தயாராக அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகள் ஊர் ஊராகப் போகும். திருப்பூருக்கு ஒன்று முன்னாலேயே போய்விட்டது, ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரிக்கு, சோதனை ஓட்டம் என்ற பெயரில். முதலில் வெறுமனே ஓட்டினார்கள், நேற்று முன்தினம் ஒரு குழந்தையை வைத்துவிட்டார்கள். வேறு பெட்டி காலி இல்லையாம். சேல்ஸ்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டார், நம்ம பெட்டியில் முதல் குழந்தை என்று, எல்லோரும் கை கூப்பினார்கள், கைதட்டினார்கள், அவளும் ஒரு பூ அனுப்பினாள். நேற்று இரவு அந்தப் போட்டோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். குழந்தை ஒரு கை நீளம்கூட இல்லை, தொப்பி போட்டிருந்தது, சுருங்கிய வயிற்றில் பிளாஸ்திரி. அவள் தேடியது நம்பரை. முப்பத்தாறு புள்ளி நாலு. போட்டோவில் எந்த நம்பரும் ஆடாது என்பது புத்திக்குத் தெரியும், ஆனாலும் ஆடுமா ஆடுமா என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் சதுரம் சதுரமாகக் கலங்கிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருப்பூருக்கு ஒரு போன் செய்தால் முடிந்தது. ஒரே ஒரு போன். ஆனால் என்னவென்று செய்வது? ஆஸ்பத்திரியோடு பேசுவது சேல்ஸின் வேலை, எஞ்சினியர்கள் நேரே பேசக் கூடாது, போன வருஷம் ஒருத்தன் பேசியதற்கு அவனை வேறு ஊருக்கு மாற்றினார்கள், மாற்றினார்கள் என்றால் அவனாகவே போய்விடும்படி செய்தார்கள். நாற்பத்தாறு வயதில் அவளை யார் எடுப்பார்கள்? இன்டர்வியூவுக்குப் போனால் எதிரே அன்சாரி வயதில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், மேடம் உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்ப அதிகம் என்பார்கள். அதைவிட இன்னொன்று இருக்கிறது, அதைத் தொடாமலே சுற்றிப் போக அவள் மனம் பழகியிருந்தது, இப்போது சுற்றிப் போக இடமில்லை. அலாரம் சத்தம் போதாது என்று போன வருஷம் ஒரு மீட்டிங்கில் சொன்னபோது பத்ரிநாத் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மேடத்துக்குக் குழந்தைன்னா கொஞ்சம் சென்டிமென்ட் என்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்காததுதான் மோசம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், டாக்டர்கள், விரதங்கள், பிறகு விட்டாயிற்று என்று. அன்றைக்குப் பிறகு குழந்தை என்ற வார்த்தையே அவள் மீட்டிங்கில் சொல்வதில்லை. நோயாளி என்பாள். சுமை என்பாள். சோதனைப் பொருள் என்பாள். இப்போது நான் போய்க் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால், என்ன நினைப்பார்கள் என்று அவளால் அவர்களின் முகங்களில் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. ஒருவேளை அதுதான் உண்மையோ? நேற்று கையில் பட்டது வெறும் சூடான காற்றோ? கேபிள் மாட்டியபின் முப்பத்தெட்டு என்று காட்டியதே. காட்டியதா? பார்த்தேன். பார்த்தேன்தானே? புள்ளி ஐந்து. ஐந்து. நாலு.

கண் எரிந்தது. இமைக்காமல் பார்ப்பதும் ஒரு வேலைதான், அவள் முன்பும் செய்திருக்கிறாள். முதல் வேலையில் புரோகிராமை ஏற்றும் சிப்புக்கு முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும், எழுதியது தப்பாகிவிட்டால் அதை ஊதா விளக்குப் பெட்டிக்குள் போட்டு அழிக்க வேண்டும், அழிகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வாஷிங் மெஷினுக்கு டைமர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு தப்புக்கு ஒரு மத்தியானம் போய்விடும், ஆகவே தப்பு செய்யவே பயமாக இருக்கும், பயத்திலேயே இன்னும் தப்பு வரும். பிறகு ஆட்டோ மீட்டர். அவள் எழுதிய மீட்டர் ஓடுகிற ஆட்டோ எது என்று தெரியாமல் எந்த ஆட்டோவில் ஏறினாலும் மீட்டரையே முறைத்துப் பார்ப்பாள், டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள், என்னங்க, வேகமா ஓட மீட்டருக்குச் சூடு வச்சிருக்குதுன்னு பார்க்கறீங்களா? பிறகு தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர், மழைக்காலத்தில் ஒன்று தானாக ஓடி ஒரு கிணறே வற்றிவிட்டதாகப் புகார் வந்து, அங்கே போய்ப் பார்த்தால் எலி ஒயரைக் கடித்திருந்தது. எலி என்று தெரிந்தபோது அவள் தோட்டத்து வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் இல்லை, எலி. இத்தனை வருஷத்திலும் ஒரு பெட்டி எங்காவது ஏதாவது செய்துவிட்டால் முதலில் வருகிற கேள்வி ஒன்றேதான், நானா? அப்பா ஈரோடு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினார். மூட்டையை இறக்கினால் இறங்கிவிடும், வேலை முடிந்தது, அந்த மூட்டை அதற்குப் பிறகு எங்கே போனால் அவருக்கென்ன? ஒருமுறை அவளிடம் கேட்டார், உன்ற வேல எப்பம்மா முடியும்? ஆறு மணிக்குப்பா என்றாள். அவர் தலையாட்டினார். அவள் சொன்னது பொய். எழுதியது எதுவும் இறங்கவில்லை, வாஷிங் மெஷின், மீட்டர், ஸ்டார்ட்டர், எல்லாம் எங்கேயோ யார் வீட்டிலோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் அவளை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். அவள் காலேஜில் சேர்ந்த வருஷம் முதல் நாள் வருகைப் பதிவில் பெயர் விட்டுப்போயிருந்தது, அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார்கள், அந்த நீள வராந்தாவில் நடக்கும்போது, தப்பாகச் சேர்த்துவிட்டோம், நீ போகலாம் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தாள். கிளார்க் ஒன்றும் சொல்லாமல் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்த வராந்தா முடியவேயில்லை, இன்னமும் அதில்தான் நடந்துகொண்டிருக்கிறாள், எந்தக் கதவு திறந்து யார் தலையை நீட்டிச் சொல்வார்களோ.

புள்ளி நாலு.

வராந்தாவுக்குப் போவதற்கு முன்னால் என்ன இருந்தது? நாலு. மஞ்சள் மண்டியில் இருந்தபோது? நாலு, நாலுதான் என்று தோன்றியது. ஆட்டோவில்? தெரியவில்லை. அவள் முதுகு நிமிர்ந்தது. ஹீட்டரின் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரியலாம், புள்ளி நாலுக்கு எரிய வேண்டியதுதான், அதில் ஒன்றுமில்லை. பொறு. இப்போது கை விட்டால், சென்சாரை உள்ளங்கையில் பொத்தினால், ஓடிக்கொண்டிருந்தால் நம்பர் உடனே மாறும், மாறினால் அமைதியாக இருந்த இந்த மத்தியானம் முழுக்கக் கலைந்துபோகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நாலு மணிக்குள் முடியாது. நின்றுபோயிருந்தால் மாறாது. மாறாவிட்டால் அன்சாரியைக் கூப்பிடலாம், பத்ரிநாத்தைக் கூப்பிடலாம், வாங்க, பாருங்க, உங்க கையையே விட்டுப் பாருங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். பொறுத்தாள். நாலு. எதற்குப் பொறுக்கிறேன்? நிச்சயத்துக்கு. நிச்சயத்துக்கா, பயத்துக்கா? நாலு, நாலு, அவள் பார்க்கப் பார்க்க அந்த எழுத்தின் வடிவமே விலகிப்போய் நாற்காலி மாதிரி, கவிழ்த்த நாற்காலி மாதிரி ஆகியது. மூடியின் கைப்பிடியில் விரலை வைத்தாள், அக்ரிலிக் வெதுவெதுப்பாக இருந்தது, எப்போதுமே இப்படித்தான் இருக்குமா, எப்போதும் இருந்ததை ஏன் இதுவரை தொட்டுப் பார்த்து வைக்கவில்லை.

“அட, இங்க கேபிள் கழண்டு கெடக்குது பாருங்க” என்று அன்சாரி சொன்னான். அவள் திரும்புவதற்குள் குனிந்து, எடுத்து, மாட்டிவிட்டான். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது.

அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. “என்னாச்சுங்க மேடம்?” “ஏன் மாட்டினே?” “லாக் ஓடலைங்களே. சாயந்திரம் அறிக்கைக்கு வேணும்னு பத்ரி சார் கேட்டாருங்க.” திரை எழுந்துகொண்டது. முதல் நம்பரைப் பிடித்துவிட வேண்டும் என்று அவள் திரும்பினாள், ஆனால் அன்சாரியின் தோள் குறுக்கே நின்றது, அவனைத் தள்ளிவிட்டுப் பார்க்கும்போது முப்பத்தேழு என்று இருந்தது, உடனே முப்பத்தாறு புள்ளி ஒன்பது. முப்பத்தேழா, அதற்கு முன் வேறு ஏதாவதா? முப்பத்தேழு என்றால் அது நின்றுபோனதன் ஆரம்பமாகவும் இருக்கலாம், மூடிக்குப் பக்கத்தில் அவள் கை வைத்த சூடாகவும் இருக்கலாம். “முதல்ல என்ன காட்டிச்சு, பார்த்தியா?” “இல்லைங்க மேடம், நான் கேபிளைப் பார்த்துட்டிருந்தேன்.” அவன் முகம் வெளுத்துவிட்டது. “தப்புங்களா?” “தப்பில்லை” என்றாள். அவன் மேல் கோபப்பட முடியவில்லை. இந்த வேலையில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான், கழண்டிருந்ததைப் பார்த்தான், மாட்டினான்.

கதவு திறந்து பத்ரிநாத் தலையை நீட்டினார். “மேடம், வரீங்கல்ல? எம்.டி.யும் லைன்ல வராராம்.” கோகிலவாணி எழுந்து நின்றாள், எர்த் பட்டை மேஜையோடு கட்டியிருந்ததால் கை பின்னால் இழுத்தது. “சார், கேபிள் இல்லாம ஓட்டிப் பார்க்கணும்.” “எழுபத்திரண்டு மணி நேரம் மூணு தடவை ஓட்டியாச்சே?” “அது கேபிளோட.” “கேபிள் இல்லாம ஓட்டினா லாக் எங்கேர்ந்து வரும்?” “வராது.” “அப்ப ஓடிச்சுன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க?” “கண்ணால பார்த்து.” அவர் உள்ளே வந்தார். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார், சட்டைப் பையில் பேனா கசிந்து ஒரு நீலப் பொட்டு. “கண்ணால பார்த்ததை அறிக்கைல எந்தக் கட்டத்துல போடறது, சொல்லுங்க. நானும் உங்க பக்கம்தான். காலைல சின்ன சந்தேகம்னுதானே சொன்னீங்க?” “சின்னது இல்ல சார்.” அது வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. “நேத்து நம்பர் நின்னுபோச்சு. ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கையை விட்டுப் பார்த்தேன்.” “வேற யாராவது பார்த்தாங்களா?” “இல்ல.” அவர் பொம்மையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எதையோ சொல்ல வந்து விழுங்கினார். விழுங்கியது என்ன என்று அவளுக்குத் தெரியும். “அடுத்த வாரம் ஒரு அப்டேட் போட்டுக்கலாம் மேடம். இன்னிக்கு எல்லாரும் காத்துட்டிருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல வாங்க” என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம். அடுத்த வாரம் என்றால் இன்று, நாளை, மறுநாள், ஞாயிறு. திருப்பூரில் இப்போது அந்த வார்டில் மத்தியான வெயில் எந்தப் பக்கம் விழும்? கேபிள் மாட்டாத பெட்டி. அங்கே போய்க் கழண்டிருக்குதுன்னு மாட்டிவிட ஓர் அன்சாரிகூட இல்லை. அவள் சொல்வது தப்பாக இருக்கலாம். தப்பாக இருந்தால் என்ன ஆகும், எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்காமல் இருப்பார்கள், வராந்தாவில் ஒரு கதவு திறக்கும். சரியாக இருந்தால்? மனம் அங்கே போக மறுத்து மறுபடி மறுபடி சிரிப்புக்கே திரும்பி வந்தது, தன் மனம் எதற்கு அதிகம் பயப்படுகிறது என்று பார்த்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. பட்டையை அவிழ்த்தாள். “அன்சாரி, போன வாரம் திருப்பூருக்குப் பொருத்தப் போனியே, வார்டு நம்பர் இருக்கா?” “சேல்ஸ் மூலமாத்தான் பேசோணும்னு...” “இருக்கா?” அவன் அவளைப் பார்த்தான். பிறகு தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, லேண்ட்லைனைத் தானே எடுத்து, எண்களைத் தானே அழுத்தி, ரிசீவரை அவளிடம் நீட்டினான். மணி அடித்தது. அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தேன், ஆமாம், நினைத்தேன்.

“சொல்லுங்க, பச்சைக்குழந்தை வார்டு.” இளம் குரல், பின்னால் எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடியது. “சிஸ்டர், கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன், இன்குபேட்டர் கம்பெனி. புதுசா வச்ச பெட்டியில குழந்தை இருக்கா?” “இருக்குதுங்க மேடம். நல்ல மிஷினுங்க. பழசு மாதிரி தொந்தரவே இல்லை, நம்பர் ஆடவே மாட்டேங்குது.” கோகிலவாணிக்கு மேஜையின் விளிம்பு கையில் அகப்பட்டது. “எவ்வளவு நேரமா ஆடலை?” “நான் ரெண்டு மணிக்கு டூட்டிக்கு வந்ததுல இருந்து பார்க்கிறேனுங்க, அப்படியே இருக்குது.” “சிஸ்டர், குழந்தையை வெளியே எடுங்க. இப்பவே. பழைய பெட்டியில வைங்க, இல்லாட்டி அம்மா நெஞ்சுல வைங்க.” “டாக்டரைக் கேட்காம எப்படிங்க மேடம்? நீங்க யாருங்க, சேல்ஸா?” “இல்ல. அதுக்குள்ள ஓடறதை எழுதினது நான்தான். அது தப்பா ஓடுது. குழந்தையை எடுங்க, டாக்டர் திட்டினா கோகிலவாணின்னு என் பேரைச் சொல்லுங்க.” பிறகு ரிசீவரை மேஜை மேல் வைக்கும் டக், செருப்பு, ஏதோ தள்ளுகிற சத்தம், யாரையோ கூப்பிடும் குரல். கதவில் பத்ரிநாத் வந்து நின்றார், மேடம் என்றார், அவள் கையை உயர்த்தினாள், அவர் நின்றார். அன்சாரி பெட்டியைப் பார்க்கவில்லை, அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, இந்த முறை அவள் எதையும் எண்ணவில்லை. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

“மேடம், எடுத்துட்டோமுங்க. வயிறெல்லாம் கொதிக்குது. டாக்டர் வந்துட்டே இருக்கறாரு.” அவளே தொடர்ந்தாள். “மேடம், இன்னொண்ணு. சென்சாரைக் குழந்தை வயித்துல இருந்து பிரிச்சு ஏசிக்கு நேராப் புடிச்சுப் பார்த்தேனுங்க. நம்பர் இன்னும் அதேதான் காட்டுதுங்க. முப்பத்தாறு புள்ளி நாலு.”

அந்தக் குரலுக்குப் பின்னால் கிழிந்த மாதிரி ஒரு மெல்லிய அழுகை ஆரம்பித்தது, நின்றது, மறுபடி ஆரம்பித்தது. அது நிற்கும்போதெல்லாம் கோகிலவாணி மூச்சை நிறுத்திக்கொண்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.